முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி

சிலாங்கூர் ஆறு தித்திவாங்சா மலைத்தொடரில் பிரேசர் மலைச் சரிவுகளை அடுத்துத் தோன்றி, கோலக் குபு பாருவைக் கடந்து, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் ஆகிய ஊர்களின் கிளையாறுகளை வாங்கிக்கொண்டு, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையின் பழைய ஈயக் குட்டைகளை ஒட்டி வளைந்து, கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் சேர்கிறது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றின் வடிநிலம், அதாவது பெய்யும் மழையெல்லாம் வடிந்து ஒரே ஆற்றில் வந்து சேரும் நிலப்பரப்பு, சுமார் 2,200 சதுர கிலோமீட்டர் கொண்டது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மக்களின் குழாய் நீரில் பாதிக்கும் மேற்பட்டது இந்த ஓர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. இதற்கு வடக்கே, சபாக் பெர்ணம் மாவட்டக் கடலோரத்தில், பெர்ணம் ஆற்று முகத்துவாரத்திற்குச் சற்றுத் தெற்கே பாகான் நக்கோடா ஓமார் என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து கோல சிலாங்கூர் வரை நீளும் கரையில் வாழ்வோர் எந்த ஆற்றின் அழுக்கையும் கடைசியாகப் பெறுவோர். ஆனால் அந்த அழுக்கு தோன்றும் இடத்தில் அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆறு மீட்கும் பணியின் முதற்சிக்கல் இதுவே.

இப்பணியில் நீண்ட காலம் ஊறியவர்கள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆறு தன் படுகையில் அழுக்காவதில்லை. அதற்கு வந்து சேரும் கால்வாய்களிலும் சாக்கடைகளிலும்தான் அழுக்காகிறது. ஆகவே ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி நடத்திக் குப்பை பொறுக்குவதால் கரை தூய்மையாகுமே தவிர, நீர் தூய்மையாவதில்லை. மக்களும் அரசும் சேர்ந்து ஆற்றை மீட்பது என்பது, மக்கள் கையில் நம்பத்தக்க பதிவும் அதிகாரியின் கையில் சட்டமும் ஒரே கால்வாயின் வாயில் ஒரே நேரத்தில் சந்திப்பதாகும். இந்தச் சந்திப்பை அமைத்துக் கொடுப்பதே ஆற்றுக் களப்பணியாளரின் தொழில். பரிசளிப்பு, பதாகை, குழுப்படம் ஆகியவை அதைச் சுற்றி வருபவை மட்டுமே.

வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பெருகிய காலத்தில் ஆலைகளும் பெருகின. குலைகளை ஆவியில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயை நீரிலிருந்து பிரிக்கும்போது, ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் வெளியேறுகிறது. பழுப்பு நிறமாகவும் சூடாகவும் புளித்த நாற்றத்துடனும் வரும் இந்தக் கழிவுநீரில் நஞ்சு ஏதும் கலக்கப்படுவதில்லை. ஆயினும் அது மீனைக் கொல்லும். ஏனெனில் அதிலுள்ள கரிமப்பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. நுண்ணுயிர்களின் இந்தத் தேவையை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பர். பதப்படுத்தாத ஆலைக் கழிவுநீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடையில் சில நூறு மட்டுமே. ஓர் ஆலையின் ஒரு நாள் கழிவு ஒரு சிறு நகரின் சாக்கடைக்கு இணையாகும் கணக்கு இதுதான். லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளின் பிள்ளைகள் குளித்து விளையாடிய ஓடைகள் ஒரு தலைமுறைக்குள் யாரும் கால் வைக்காத கறுப்பு நீராக மாறியதும் இதனால்தான்.

அரசு இதை எதிர்கொண்ட விதம் இன்றும் கவனித்துப் படிக்கத்தக்கது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் கச்சாச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும். வெளியேற்றும் அழுக்கின் அளவுக்கேற்பக் கட்டணம் கட்ட வேண்டும். வரம்போ படிப்படியாக இறுக்கப்படும். 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு 1984இல் 100 ஆகக் குறைக்கப்பட்டது. எட்ட முடியாத அளவை முதல் நாளே விதித்து எல்லாரையும் குற்றவாளியாக்காமல், குட்டைகள் வெட்டவும் தொழில்நுட்பம் கற்கவும் காலம் கொடுத்து, ஆனால் அடுத்த படியின் தேதியை முன்கூட்டியே அறிவித்து அதிலிருந்து நழுவாமல் நின்றது அந்த விதிகளின் சிறப்பு. ஆக்சிஜன் இல்லாத ஆழ்குட்டை, இடைநிலைக் குட்டை, காற்றுப்படும் ஆழமற்ற குட்டை என்று வரிசையாகக் கழிவு நகர்ந்து தெளியும் முறை அப்போது பரவியதுதான். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் குட்டைகளின் மணம் தெரியும். உற்பத்தி பெருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆறுகளில் இறங்கிய கழிவுச்சுமை குறைந்தது. அந்த ஏற்பாட்டில் இடம்பெறாதவர்கள் லயத்து மக்கள். குட்டைக் கரை மழையில் உடைந்தால் முதலில் அறிந்தவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள் யாரிடம் சொல்வது என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. சொன்னால் வேலைக்கும் வீட்டுக்கும் என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. தோட்ட வீடு நிர்வாகத்தின் வீடு அல்லவா.

ஆலைகளுக்குப் பின் நகரங்கள் வந்தன. ரவாங், செரண்டா, சுங்கை பூலோ வட்டாரங்களில் தோட்டங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அழுக்கின் மூலம் ஒரே ஆலை என்ற நிலை போய், நூற்றுக்கணக்கான சிறு வாய்களாகச் சிதறியது. உணவகங்களின் எண்ணெய், சந்தைகளின் மீன்கழிவு, பட்டறைகளின் மசகு, மண்ணை வெட்டிப்போட்ட கட்டுமானத் தளங்களின் சேறு, சுத்திகரிப்பில் தேறாத மலக்கழிவு ஆகிய யாவும் சட்டப்படி வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவை. நிலமும் ஆறும் மாநிலத்தின் பொறுப்பு. சிலாங்கூரில் அதற்கென 1999இல் சட்டமியற்றி லுவாஸ் எனப்படும் நீர்வள மேலாண்மை வாரியம் அமைக்கப்பட்டது. தொழிற்சாலைக் கழிவு கூட்டரசின் சுற்றுச்சூழல் இலாகாவிடம். மலக்கழிவுக் குழாய்கள் இண்டா வாட்டர் நிறுவனத்திடம். ஆற்றுப்படுகையும் வெள்ளத் தடுப்பும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம். உணவகத்தின் உரிமமும் அதன் எண்ணெய்ப் பொறியும் நகராண்மைக் கழகத்திடம். எண்ணெய்ப் பொறி என்பது பாத்திரம் கழுவிய நீரில் மிதக்கும் கொழுப்பைச் சாக்கடைக்கு முன்னால் பிடித்து நிறுத்தும் தொட்டி. அதை வாரந்தோறும் அள்ளாவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

ஆகவே கறுத்த நீர் ஓடுகிறது என்று மட்டும் புகார் செய்பவர் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அனுப்பப்படுவது அதிகாரிகளின் அலட்சியத்தால் மட்டும் அன்று. எந்தக் கால்வாயில், எந்த நேரத்தில், என்ன நிறத்தில், எத்தகைய மணத்துடன் என்ற விவரம் இல்லாத புகாரை ஏற்றுக்கொள்ள எந்த அலுவலகத்திற்கும் சட்டப்பிடி கிடைப்பதில்லை. களப்பணியாளர் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதற்பாடம் இந்த வாசிப்பே. சாம்பல் நிறமும் சோப்பு நுரையும் வீட்டுச் சமையலறைகளையும் சலவையையும் காட்டும். கறுத்து, அடியிலிருந்து குமிழி எழும்பினால் ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் தொடங்கிவிட்டது. காபியில் பாலூற்றியது போன்ற நிறம் மேலே எங்கோ மண் வெட்டப்படுவதையோ மணல் அள்ளப்படுவதையோ காட்டும். நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் குச்சியால் தொட்டுப் பார்க்க வேண்டும்: உடைந்து துண்டுகளாகப் பிரிந்தால் அது மண்ணிலுள்ள இரும்பை உண்ணும் நுண்ணுயிர்ப் படலம், பிரிந்த உடனே மீண்டும் கூடிக்கொண்டால் அது எண்ணெய்.

இங்கே வட சிலாங்கூருக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. தெங்கி ஆறும் அதை ஒட்டிய கால்வாய்களும் கடுந்தேநீர் நிறத்தில் ஓடுவதைக் கண்டு புதியவர்கள் மாசு என்று எண்ணிவிடுவர். அது ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக் காடுகளின் கரிச்சேற்று நிலத்திலிருந்து, அதாவது மட்காத இலைதழை பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்த சதுப்பிலிருந்து, இயற்கையாகக் கசியும் நீர். அதன் அமிலத்தன்மையும் குறைந்த ஆக்சிஜனும் அந்த நீருக்கு இயல்பானவை; அதிலேயே வாழப் பழகிய மீன்களும் உண்டு. மலேசியாவின் நீர்த்தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில-காரநிலை ஆகிய ஆறு அளவுகளைச் சேர்த்து 100க்கு மதிப்பெண் தருகிறது. 81க்கு மேல் தூய்மை, 60க்குக் கீழே மாசு. ஆனால் இந்தக் கணக்கு கரிச்சேற்று நீருக்கு நியாயம் செய்வதில்லை. தூய காட்டு நீரும் அதில் தோற்றுவிடும். எண்ணை மட்டும் நம்பி இடத்தை அறியாதவர்கள் தவறான ஆற்றைச் சரிசெய்யப் பணம் செலவழிப்பார்கள்.

மாதிரி எடுப்பதும் அவ்வளவு எளிதன்று. போத்தலை அதே ஆற்று நீரில் மூன்று முறை அலசி, ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, மேற்பரப்பின் நுரையும் அடிச்சேறும் கலவாமல் ஒரு முழங்கை ஆழத்தில் மூழ்கடித்து நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும். ஆக்சிஜனை அங்கேயே அளக்க வேண்டும். மற்றவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட மாதிரியைச் சில நாள் வைத்திருக்க வேண்டும்; எனவே முடிவு வரும்போது அழுக்கு கடலுக்குப் போயிருக்கும். முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கல்: நாளுக்கு இருமுறை கடலேற்றம் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. ஏற்றத்தில் எடுத்த மாதிரி கடலையே அளக்கும். வற்றத்தின் இறுதியில் எடுத்ததே மேலிருந்து வருவதைச் சொல்லும். ஏற்ற இறக்க அட்டவணையைப் பாராமல் எடுக்கப்பட்ட பதிவுகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தாலும் ஒன்றையும் நிறுவுவதில்லை. இதை ஆய்வகத்தாரைவிட நன்கறிந்தவர்கள் படகுக்காரர்களும் மீனவர்களும்தான்.

மீனவர்கள் அறிந்த மற்றோர் அறிகுறி, உடாங் காலா எனப்படும் பெரிய ஆற்றிறால். ஆழத்தில் கற்களுக்கும் வேர்களுக்கும் இடையே மறைந்து வாழும் அது, ஒரு நாள் காலையில் கரையோரமாக மயங்கி மேலே வந்து ஒட்டிக்கொண்டிருந்தால், நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது அல்லது ஏதோ கலந்துவிட்டது என்று பொருள். கரையோர மக்கள் அதைக் கையாலேயே அள்ளி விற்கும் வழக்கம் இருந்தது. கையில் காசு வருவதைத் தடுக்க எந்த அறிவுரையாலும் இயலாது. ஆனால் அள்ளுவதற்கு முன் ஒரு போத்தல் நீரை நிரப்பி வைத்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது பலர் இசைந்தனர். வயதான படகோட்டிகளைப் பாக் சிக் என்றழைத்து, அவர்கள் சொல்வதை முதலில் முழுவதும் கேட்டுவிட்டுப் பின்னரே போத்தலைக் கையில் கொடுப்பது களப்பணியாளர் கற்கும் நடைமுறை.

மக்களின் பிழைப்பும் ஆற்றின் நலமும் ஒன்றாக நிற்கும் இடத்துக்குக் கம்போங் குவாந்தான் சான்று. கோல சிலாங்கூர் நகரிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த இந்தக் கிராமத்தின் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதைக் காண வருவோரைக் கிராமத்தாரே துடுப்புப் படகில் அழைத்துச் செல்கின்றனர். ஒளிர்வது மரத்தில் என்றாலும் மின்மினியின் புழு வளர்வது கரையின் ஈரமண்ணில். அங்குள்ள சிறு நத்தைகளைத் தின்றே அது வளர்கிறது. கரையைச் செம்பனைக்கோ வாழைக்கோ வெட்டி வெளுத்துவிட்டால் மரத்தை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை. பெரெம்பாங் உப்பு மிகுந்த நீரில் செழிக்காது. மேலே குடிநீருக்காக மிகுதியாக எடுத்து, நன்னீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறிவிடும். ஆகவே, கோலக் குபு பாருவுக்கு மேலுள்ள சிலாங்கூர் ஆற்று அணையிலிருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்பது கீழே ஒரு பூச்சியின் வாழ்வையும் அதை நம்பிய படகோட்டியின் வருமானத்தையும் தீர்மானிக்கிறது. 2009இல் இந்தக் கரைப்பகுதி லுவாஸ் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு மண்டலமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் மின்மினிகளைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. அறிவிப்பு, அறிவியல், துடுப்பு ஆகிய மூன்றும் கூடியதால்தான் கரையில் புதிதாக ஒரு மரம் வெட்டப்பட்டாலும் அன்றே செய்தி போய்ச் சேர்கிறது.

கரை யாருடையது என்ற கேள்வியும் இதனுடன் வருகிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியின்படி 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இருபுறமும் 50 மீட்டரும், ஐந்து மீட்டருக்கும் குறைந்த ஓடைக்குக்கூட ஐந்து மீட்டரும் ஒதுக்கு நிலமாக விடப்பட வேண்டும். வழிகாட்டி தானாகச் சட்டமாவதில்லை. மாநில அரசு நிலச் சட்டத்தின்படி அரசிதழில் அறிவித்தால்தான் அந்த நிலம் ஆற்றின் பெயரில் நிற்கும். அறிவிக்கப்படாத கரையில் பட்டறையும் கொட்டகையும் எழும்பிய பின் அவற்றை அகற்றுவது மிகுந்த மனக்கசப்புக்குரியது. சிங்கப்பூர் 1977 முதல் 1987 வரை தன் ஆற்றைத் தூய்மைப்படுத்தியபோது ஏறத்தாழ 26,000 குடும்பங்களை இடம் மாற்றியது. ஒரே அரசு, ஒரே நகரம், மாற்று வீடு என்ற மூன்றும் இருந்ததால் அது நடந்தது. கோலாலம்பூரில் எட்டு ஆறுகளின் 110 கிலோமீட்டரைத் தூய்மைப்படுத்தத் தொடங்கிய ‘வாழ்வின் ஆறு’ திட்டத்திலும் கோடிக்கணக்கான ரிங்கிட் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் சந்தைக் கழிவுத் தொட்டிகளுக்கும் செலவிடப்பட்டது. சிலாங்கூர் ஆற்றுக்கு அத்தகைய பணமோ ஒரே நகர நிர்வாகமோ இல்லை. ஆகவே இங்கு கண்காணிக்கும் கண்களே முதல் மூலதனம்.

இதன் உண்மை 2020இல் எல்லாருக்கும் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ரவாங்கில் சுங்கை கோங் என்னும் சிற்றோடையில் தொழிற்சாலைக் கழிவு இறங்கி, சிலாங்கூர் ஆற்றில் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குதாரர்களுக்கு நாட்கணக்கில் நீர் நின்றது. அந்த நிலையங்களை நிறுத்தியது மணச் சோதனை. மணமற்ற நீரை எத்தனை மடங்கு கலந்தால் நாற்றம் மறையும் என்பதை மனிதரே நுகர்ந்து கணக்கிடும் சோதனை அது. பெரிய நிலையங்களை நிறுத்திய ஓடையோ தாண்டிக் கடக்கக்கூடிய அளவு சிறியது. அதற்குப் பின் மாநிலம் லுவாஸ் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியது. 2024இல் கூட்டரசும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டாக்கியது. தண்டனை உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கழிவை இரவிலும் மழை நேரத்திலும் திறந்துவிடுவோர் அஞ்சுவது அபராதத்தின் அளவுக்கல்ல, பிடிபடும் வாய்ப்புக்கே என்பது களத்தில் உறுதிப்பட்ட செய்தி. அலுவலக நேரத்துக்குப் பின் கால்வாயின் அருகில் இருப்பவர்கள் அங்குக் குடியிருப்பவர்களே.

தமிழ்ச் சமூகத்திடமும் தீர்க்க வேண்டிய பங்கு உண்டு. கருமக்கிரியைக்கு ஆற்றங்கரையை நாடும் குடும்பங்கள் மண்கலயம், பிளாஸ்டிக் மாலை, துணி, படத்தின் கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றை நீரில் விட்டுச் செல்வது வழக்கமாகிவிட்டது. துக்கத்தில் நிற்பவரிடம் அபராதப் பலகையைக் காட்டுவது தகாது. காரியம் செய்து வைக்கும் ஐயரும் கோவில் நிர்வாகத்தினரும் முன்கூட்டியே பேசி, மலரையும் பிண்டத்தையும் மட்டும் நீருக்கு, மற்றவை கரையிலுள்ள தொட்டிக்கு என்று பிரித்தால் குடும்பங்கள் மனமுவந்து ஏற்கின்றன. சடங்கில் ஒரு வரி குறைவதுமில்லை.

ராஜா மூசா காட்டில் 2008 முதல் சிலாங்கூர் வன இலாகாவும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து, ஆக்கிரமித்து எரிக்கப்பட்ட கரிச்சேற்று நிலத்தின் கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரம் நட்டு வருகின்றன. அதிலிருந்து உருவான வட சிலாங்கூர் கரிச்சேற்றுக் காட்டு நண்பர்கள் என்னும் அமைப்பு, கால்வாய் அடைப்பு உடைந்ததா, புகை எழுந்ததா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றுள்ளது. இதன் பயன் காட்டோடு நிற்பதில்லை. மழையில் நீரைப் பிடித்து வைத்து, வறண்ட மாதங்களில் மெல்ல விடும் அந்த நிலம் தஞ்சோங் காராங் நெல்வயல்களின் நீருக்கும் துணை. அரசு அலுவலர் மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். அவருடன் பழகிய நம்பிக்கையும் போய்விடும். கிராமத்தின் பெயரில் நிற்கும் அமைப்பும் அதன் பதிவேடும் புதிய அலுவலர் வந்த முதல் வாரத்திலேயே அவர் மேசையில் இருக்க முடியும்.

எனவே பதிவேட்டின் வடிவம் முக்கியம். தேதி, நேரம், கடலேற்ற நிலை, முந்தைய நாள் மழை, இடத்தின் பெயர், நிறம், மணம், ஆக்சிஜன் அளவு, படம், யாரிடம் எப்போது சொல்லப்பட்டது, என்ன பதில் வந்தது ஆகியவை ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கடைசிப் பத்தியே பலரும் விட்டுவிடுவது. பதில் வராத புகார்களும் தேதியுடன் எழுதப்பட்டு, மாவட்ட அலுவலகக் கூட்டத்தில் எல்லா இலாகாக்களும் அமர்ந்திருக்கும்போது வாசிக்கப்பட்டால், எது யாருடைய பொறுப்பு என்பது அங்கேயே பிரித்துக்கொள்ளப்படுகிறது. பாகான் நக்கோடா ஓமார் போன்ற கடலோர ஊர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இன்னும் நிலையான இருக்கை இல்லை. பெர்ணம் ஆற்றின் மறுகரை பேராக் மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால், ஒரே நீருக்கு இரு மாநிலங்களின் அலுவலகங்களில் தனித்தனியே எழுத வேண்டியிருக்கிறது. வடகரைத் தோட்டங்களையும் தென்கரை மீனவர்களையும் ஒரே அட்டவணையில், ஒரே வற்றத்தின்போது மாதிரி எடுக்கச் செய்வது அடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு வேண்டிய போத்தல்களும் ஆட்களும் இரு கரையிலும் இருக்கிறார்கள், இரு மாநிலங்களின் இசைவுக் கடிதம் மட்டுமே பாக்கி.